கடல் பாசியும் காஞ்சி வெயிலும்

 

மலருக்கு ஒரு கட்டுரை என்று கேட்டதுமே, "கோயிலைப் பத்தி எழுதுங்க, இல்லேன்னா பட்டைப் பத்தி எழுதுங்க" என்று பலரும் சொன்னார்கள். அந்த இரண்டையும் எழுத நம்ம ஊரில் ஆளுக்கா பஞ்சம்? அடியேன் தாவரவியல் படித்தவன். எனக்குத் தெரிந்தது பாசி. ஆகவே பாசியைப் பற்றி எழுதுகிறேன். குளத்துப் படியில் கால் வழுக்கும்போது திட்டுகிறோமே, அந்தப் பாசியின் குலத்தைச் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்பாசிகளைப் பற்றி. பயப்படாதீர்கள், கடைசியில் சின்ன காஞ்சிபுரத்துத் தறி வீட்டுக்குத்தான் வந்து சேருவோம்.

தறி வீட்டில் வெயில்

புறப்படுவதும் தறி வீட்டிலிருந்தே. நம்ம ஊர் ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. வெயிலுக்குக் குறைவில்லை. சித்திரை, வைகாசியில் வரதராஜர் கோயில் கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் குழித்தறியில் இறங்கி உட்கார்ந்த நெசவாளிக்கு அந்த வெயில் எவ்வளவு கிடைக்கிறது? காலையில் தெருவில் பாவு நீட்டும் நேரம் போக, மிச்சப் பொழுதெல்லாம் கூரைக்கு அடியில்தான். தறிக்கு வெளிச்சம் வேண்டுமென்று கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அந்தக் கண்ணாடி வெளிச்சத்தை விடும். ஆனால் நாம் இங்கே பேசப் போகிற 'புற ஊதா பி' என்ற கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நெசவாளி வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் வெயிலின் அந்த ஒரு பங்கு மட்டும் அவருக்கு வந்து சேருவதில்லை.

சாயம் தோய்த்த பட்டை நிழலில் காய வைக்கும் வழக்கமும் நமக்குத் தெரியும். வெயில் பட்டால் சாயம் மங்கும், இழை நொய்ந்து போகும். புற ஊதாக் கதிர் ஒரு பொருளின் அமைப்பையே உடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காது. பட்டை நொய்ய வைக்கிற அதே கதிர், இன்னொரு பொருளை உடைத்து ஒரு மருந்தாக மாற்றுகிறது. அந்த மருந்தின் பெயர் வைட்டமின் டி. நம் உடம்பின் தோலில் நடக்கிற அந்த மாற்றம், கடலில் மிதக்கிற நுண்பாசியிலும் நடக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது. அந்த வரலாற்றில் சென்னைக்கும் குன்னூருக்கும் ஐதராபாத்துக்கும் பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

வளைந்த கால்கள்

ஐரோப்பாவில் ஆலைகள் பெருகி, நகரங்கள் புகையால் மூடியபோது, குழந்தைகளின் கால் எலும்பு வளைந்து போகும் நோய் பரவியது. அதுதான் ரிக்கெட்ஸ். 1822-இல் போலந்து நாட்டு மருத்துவர் ஸ்னியாடெக்கி, வார்சா நகரத்துக் குழந்தைகளுக்கு இந்நோய் வருவதையும், கிராமத்துக் குழந்தைகளுக்கு வராததையும் கவனித்து, வெயில்தான் மருந்து என்றார். 1890-இல் ஜப்பானில் பணியாற்றித் திரும்பிய தியோபால்ட் பாம் என்ற ஆங்கில மருத்துவர், பல நாடுகளின் செய்திகளைத் திரட்டி ஒப்பிட்டு, வெயில் நிறைந்த நாடுகளில் ரிக்கெட்ஸ் அரிது என்று எழுதினார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெயில் இனாமாகக் கிடைக்கிறதே, இனாமாகக் கிடைப்பதை யார் மருந்து என்று ஒப்புக்கொள்வார்கள்!

1919-இல் இரண்டு செய்திகள் ஒரே ஆண்டில் வந்தன. பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், பாதரச ஆவி விளக்கின் புற ஊதா ஒளியைக் காட்டிக் குழந்தைகளின் ரிக்கெட்ஸைக் குணமாக்கினார். இங்கிலாந்தில் எட்வர்டு மெல்லன்பி, நாய்க்குட்டிகளை வைத்துச் செய்த சோதனையில், காட் மீனின் ஈரல் எண்ணெய் அதே நோயைத் தடுப்பதைக் காட்டினார். ஒருவர் விளக்கு என்கிறார். ஒருவர் மீன் எண்ணெய் என்கிறார். எது சரி? 1922-இல் அமெரிக்காவில் மெக்காலம் குழுவினர் மீன் எண்ணெயில் காற்றைச் செலுத்திச் சூடாக்கினார்கள். வைட்டமின் ஏ அழிந்தது. எலும்பைக் காக்கும் சத்து மட்டும் அழியாமல் நின்றது. ஏ, பி, சி-க்கு அடுத்து வந்ததால் அதற்கு டி என்று பெயர் வந்தது.

1924-இல் முடிச்சு அவிழ்ந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக், எலியின் மேல் காட்டவேண்டிய புற ஊதா ஒளியை எலியின் தீனி மேல் காட்டினார். தீனியே மருந்தாகிவிட்டது! நியூயார்க்கில் ஆல்பிரட் ஹெஸ்ஸும் அதே முடிவுக்கு வந்தார். அப்படியானால் உணவிலேயே ஏதோ ஒன்று காத்திருக்கிறது; ஒளி பட்டதும் அது வைட்டமினாக மாறுகிறது. அந்தப் 'ஏதோ ஒன்று' எர்கோஸ்டெரால் என்று 1927 வாக்கில் தெரிந்தது. ஸ்டெரால் வகைப் பொருட்களின் ஆராய்ச்சிக்காகவும், வைட்டமின்களோடு அவற்றுக்குள்ள தொடர்பைக் காட்டியதற்காகவும் ஜெர்மனியின் அடால்ஃப் வின்டாஸுக்கு 1928-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பழைய மாணவர்கள் போட்ட நூறு டாலர்

இங்கே கொஞ்சம் நின்று, நம் சங்கத்தார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கிளைக்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டீன்பாக்கின் கண்டுபிடிப்பைக் கேட்ட ஒரு ஓட்ஸ் கம்பெனி, ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் தருகிறோம், உரிமையைக் கொடுங்கள் என்றது. மனுஷர் மறுத்துவிட்டார். வரும் பணம் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே போக வேண்டும் என்பது அவர் எண்ணம். அதை நிர்வகிக்க 1925-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் சிலர் தலைக்கு 100 டாலர் போட்டு ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். விஸ்கான்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளை என்ற அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. பழைய மாணவர் சங்கம் என்றால் வருஷத்துக்கு ஒரு நாள் கூடி, சாப்பிட்டு, குரூப் போட்டோ எடுத்துக்கொள்வது மட்டுமல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விஸ்கான்சின் ஒரு பால்பண்ணை மாநிலம். ஏழைகள் வெண்ணெய்க்குப் பதிலாக வாங்கும் மார்ஜரினில் வைட்டமின் டி சேர்க்க அறக்கட்டளை அனுமதி தர மறுத்தது. 1940-களில் வழக்கு நடந்து, மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காப்புரிமைகள் செல்லாது என்றது. ஏழைகளின் உணவுக்கு மறுத்ததையும் சுட்டிக்காட்டிக் கண்டித்தது. நல்ல நோக்கத்தில் தொடங்கிய சங்கமும் யாருக்காகத் தொடங்கினோம் என்பதை மறக்கலாம். நமக்கு இதில் இரண்டு பாடம்!

மீனுக்கு யார் கொடுத்தது?

மறுபடி மீனுக்கு வருவோம். வெயில் பட்டால்தான் வைட்டமின் டி என்றால், குளிர்ந்த வடகடலில், வெளிச்சம் குறைந்த ஆழத்தில் வாழும் காட் மீனின் ஈரலில் அது எப்படி அவ்வளவு சேர்ந்தது? மீன் என்ன, கரைக்கு வந்து வெயில் காய்கிறதா?

இந்தக் கேள்விக்கு முதலில் பாசியின் பக்கம் திரும்பியவர்கள் லண்டனைச் சேர்ந்த ஜேம்சன், டிரம்மண்ட், காத்தரின் கவார்டு என்ற மூவர். 1922-இல் அவர்கள் நிட்ஷியா என்ற கடல் டயாட்டத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அது வைட்டமின் ஏ சத்தைத் தானே உண்டாக்குவதைக் காட்டினார்கள். டயாட்டம் என்பது கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசி. டயாட்டத்தைச் சிறு மிதவை விலங்குகள் தின்ன, அவற்றைச் சிறு மீன் தின்ன, சிறு மீனைப் பெரிய மீன் தின்ன, கடைசியில் சத்தெல்லாம் ஈரலில் வந்து குவிகிறது என்ற உணவுச் சங்கிலிக் கருத்துக்கு இது ஆதாரமாயிற்று. வைட்டமின் ஏ-யின் கதை இப்படி நேராகப் போய்விட்டது. டி-யின் கதை அப்படிப் போகவில்லை. 1930-களில் டிரம்மண்டும் பிறரும் கடல் மிதவை உயிரிகளில் டி-யைத் தேடினார்கள். அந்நாளில் இதற்கு அளவுகோல், எலிக்கு ஊட்டி அதன் எலும்பைப் பார்ப்பதுதான். மிகச் சிறிய அளவுகளை அதைக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. கேள்வி தொங்கலில் நின்றது.

சென்னையின் பாசிப் பள்ளி

இதே காலத்தில் நம் மாகாணத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? தாவரவியல் மாணவர்கள் பரீட்சைக்குப் படம் வரைகிற 'ஃபிரிட்ஷியெல்லா' நினைவிருக்கிறதா? ஈர மண்ணில் வளரும் அந்தப் பாசியை 1932-இல் உலகுக்கு அறிவித்தவர் சென்னையின் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963). லண்டனில் தாம் சேர்ந்து பணியாற்றிய பேராசிரியர் ஃபிரிட்ஷின் பெயரை அதற்குச் சூட்டினார். மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானவர். 1920-இலேயே சென்னையைச் சுற்றியுள்ள குளங்குட்டைகளின் வால்வாக்ஸ் குடும்பத்துப் பாசிகளைப் பற்றி எழுதினார். 1927-இல் ராமேசுவரத்தை அடுத்த குருசடைத் தீவின் பாசிகளைப் பட்டியலிட்டார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொன்னால் அது மிகையாகாது. அவர் வழி வந்த டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் எழுதிய நீலப்பச்சைப் பாசி நூல் இன்றும் உலகெங்கும் புரட்டப்படுகிறது.

கடலில் மிதக்கும் டயாட்டங்களுக்கு வேறொருவர் கிடைத்தார். ஆர். சுப்பிரமணியன் 1946-இல் சென்னைக் கடற்கரையின் மிதவை டயாட்டங்களை ஒவ்வொன்றாக விவரித்து வெளியிட்டார். மெரினாவில் நாம் சுண்டல் வாங்கித் தின்று அலையைப் பார்த்துவிட்டு வருகிறோம். அந்த அலையில் என்னென்ன உயிர் மிதக்கிறது என்று உருப்பெருக்கியில் குனிந்து கணக்கெடுத்த ஒருவரும் நம்மிடையே இருந்தார்.

மீன்துறையும் சும்மா இல்லை. 1923-இலேயே சென்னை மாகாண மீன்துறையின் ஜேம்ஸ் ஹார்னெலும் ராமசாமி நாயுடுவும் மத்தி மீனின் வாழ்க்கையை ஆராய்ந்து, அதோடு மலபார் கடலின் மிதவை உயிரிகளையும் சேர்த்தே எழுதினார்கள். மத்தியைச் சாளை என்றும் சொல்வார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த மீன். 1947-இல் தொடங்கப்பட்டு மண்டபத்தில் வேரூன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இந்த வேலை தொடர்ந்தது. 1955-இல் வேலப்பன் நாயரும் அதே சுப்பிரமணியனும் ஒரு முக்கியமான செய்தியைச் சொன்னார்கள்: ஃபிராஜிலேரியா ஓஷியானிகா என்ற டயாட்டம் கடலில் பெருகினால், மத்தி வரத்து நிறைய இருக்கும் என்பதற்கு அது ஓர் அடையாளம். மீனவருக்கு வலை வீசும் குறி. நமக்கோ சங்கிலியின் முதல் இரண்டு கண்ணிகள். எண்ணெய் மீனும் அதற்கு இரையாகும் பாசியும் ஒரே காகிதத்தில் வந்துவிட்டன. அந்த எண்ணெயில் உள்ள வைட்டமின் டி எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் பாக்கி.

குன்னூரில் ஓர் அறை

அந்தக் கேள்விக்கு உரிய ஆய்வுக்கூடம் நீலகிரியில் இருந்தது. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் சத்துக்குறை நோய்களை ஆராயத் தொடங்கினார். பத்தாண்டில் அது உணவூட்ட ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். 1958-இல் அந்தக் கூடம் ஐதராபாத்துக்கு மாறி, 1969-இல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. நம் மாகாணத்து ஓர் அறை தேசத்தின் நிறுவனமாயிற்று!

பாசிகளை அறிந்தவர்கள் சென்னையிலும் மண்டபத்திலும். சத்துகளை அறிந்தவர்கள் குன்னூரிலும் பின்னர் ஐதராபாத்திலும். இரு வழிகளும் வெகுகாலம் தனித்தனியே நடந்தன. 1996-இல்தான் ஐதராபாத்திலிருந்து சுனிதா ராவும் ரகுராமுலுவும் அந்த வழிகளை இணைத்தார்கள். திலேப்பியா மீனைத் தேர்ந்தெடுத்து, மீன் தன் உடலில் தானே வைட்டமின் டி-யைக் கட்டிக்கொள்கிறதா என்று சோதித்தார்கள். கட்டிக்கொள்ளவில்லை. அப்படியானால் தின்பதிலிருந்துதான் வரவேண்டும் என்று மீனின் உணவைப் பார்த்தார்கள். மிதக்கும் நுண்பாசியிலும், அதைத் தின்னும் மிதவை விலங்குகளிலும் வைட்டமின் டி-யும் அதன் மூலப்பொருளும் இருந்தன. 'மீனின் வைட்டமின் டி-க்கு உணவுச் சங்கிலியே மூலம்' என்ற பொருளில் தலைப்பிட்டு வெளியிட்டார்கள். 1930-களில் தொங்கலில் நின்ற கேள்விக்கு, குன்னூர் வழிவந்த நிறுவனம் இப்படிப் பதில் எழுதியது. இது நமக்குப் பெருமை இல்லையா?

பாசிக்குள் நடப்பது என்ன?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பாசிக்கு ஒளி வேண்டும். ஒளிச்சேர்க்கைக்கு அது மேல்மட்டத்தில் மிதந்தாக வேண்டும். மேல்மட்டத்துக்கு வந்தாலோ புற ஊதாக் கதிர் தாக்கும், மரபுப்பொருளான டி.என்.ஏ.வையே சேதப்படுத்தும். பசிக்குச் சோறும் அங்கேதான், அடியும் அங்கேதான்!

பாசி என்ன செய்கிறது? பல பாசிகள் மைக்கோஸ்போரின் வகைச் சேர்மங்களை உண்டாக்கிக் குடைபோல் பிடித்துக்கொள்கின்றன. இவை புற ஊதாவை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும். கரோட்டின் வகை நிறமிகள் அதிக ஒளியால் பிறக்கும் கேடுகளைத் தணிக்கும். உடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் நொதிகளும் உண்டு. தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போடுகிற மாதிரி, அந்த நொதிகள் அடிக்கடி முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும்.

செல்லின் சவ்வில் ஸ்டெரால்கள் இருக்கின்றன. இவற்றில் எர்கோஸ்டெராலும், நம் தோலில் உள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டெராலும் தனித்தன்மை உள்ளவை. நான்கு வளையங்கள் ஒட்டிய அமைப்பில், இரண்டாம் வளையத்தில் இரட்டைப் பிணைப்பு ஜோடி ஒன்று உண்டு. 280 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா பி கதிர் அதன்மேல் பட்டதும் அந்த வளையம் பிரிந்து திறந்துகொள்ளும். கிடைப்பது முன்-வைட்டமின் டி. அப்புறம் ஒளி வேண்டாம். சாதாரணச் சூட்டிலேயே அது மெல்ல உருமாறி வைட்டமின் டி ஆகிவிடும். எர்கோஸ்டெராலில் இருந்து வந்தால் டி2. 7-டீஹைட்ரோகொலஸ்டெராலில் இருந்து வந்தால் டி3. கதிர் அளவுக்கு மீறினால் முன்-வைட்டமின் வேறு பயனற்ற பொருட்களாக மாறிவிடும். ஆகவே எவ்வளவு நேரம் வெயிலில் நின்றாலும் தோலில் வைட்டமின் டி நஞ்சாகும் அளவுக்குப் பெருகாது. இயற்கை தானே போட்டுவைத்த கட்டுப்பாடு!

1982-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹாலிக் குழுவினர், எமிலியானியா ஹக்ஸ்லியி என்ற சுண்ணச் சில்லுப் பாசியிலும், ஸ்கெலிடோனிமா என்ற டயாட்டத்திலும் எர்கோஸ்டெரால் இருப்பதையும், கதிர் பட்டதும் அது முன்-வைட்டமின் டி2 ஆவதையும் எழுதினார்கள். ஸ்கெலிடோனிமா பேரினம் நம் வங்கக் கடலிலும் மிதக்கிறது. ஆதிகாலத்தில் ஸ்டெரால் ஒரு வெயில் மறைப்பாகவே பாசிக்கு உதவியிருக்கலாம் என்பது ஹாலிக்கின் கருத்து. அதாவது எலும்பு என்ற ஒன்று உலகில் தோன்றும் முன்பே, எலும்பைக் காக்கும் பொருள் கடலில் தயாராகிக்கொண்டிருந்தது என்பது அவர் எண்ணம். கருத்துதான், ஆனால் அழகான கருத்து.

விளக்கின் கீழ் வளரும் பாசி

2020-இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் நான்கு நுண்பாசிகளைப் புற ஊதா பி விளக்கின் கீழ் வளர்த்தார்கள். அவற்றில் நானோகுளோராப்சிஸ் ஓஷியானிகா ஒன்று மட்டும் வைட்டமின் டி3 தந்தது. கதிர் கூடக்கூட அளவும் கூடி, உலர்ந்த பாசி ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் வரை போனது. விளக்கு இல்லாமல் வளர்த்ததில் இல்லை.

இது நம்ம ஊருக்கு எதற்கு என்கிறீர்களா? டி3 மாத்திரை பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்தோ, மீன் எண்ணெயிலிருந்தோ வருகிறது. சைவ உணவுக்காரர்களுக்கு இருக்கும் ஒரு வழி, ஈஸ்டையும் காளானையும் கதிரில் காட்டி எடுக்கும் டி2. காஞ்சிபுரம் மாதிரிக் கோயில் ஊரில், "மாத்திரை சரி, அது எதிலேருந்து எடுத்தது டாக்டர்?" என்று கேட்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! பாசியிலிருந்து வரும் டி3 அவர்கள் கேள்விக்கு ஒரு பதிலாகும். ஆனால் உடனே துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். நம் நாட்டில் 2020-இல் பரிந்துரைத்த நாள் அளவு வளர்ந்தவர்களுக்கு 15 மைக்ரோகிராம். டென்மார்க் கணக்குப்படி பார்த்தால், தினம் 15 கிராம் பாசிப்பொடி தின்ன வேண்டும்! பிரித்தெடுத்துச் செறிவாக்கினால்தான் கட்டுப்படியாகும்.

இன்னொரு எச்சரிக்கை. பாசி என்றாலே எல்லாச் சத்தும் இருக்கும் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்பைருலினா நல்ல பொருள்தான். சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி முன்னின்று, 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை வட்டாரத்துக் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து, வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் வரும் வெண்திட்டு குறைவதைக் காட்டினார்கள். ஆனால் ஸ்பைருலினா வகை டென்மார்க் சோதனையில் வைட்டமின் டி தரவில்லை. எந்தப் பாசி எதைத் தரும் என்பதைப் பெயர் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். ஐயங்காரும் தேசிகாச்சாரியும் சுப்பிரமணியனும் ஆயுள் முழுக்கப் பெயர் சொல்லிக் கொடுத்தது வீண் வேலை அல்ல என்பது இங்கேதான் விளங்குகிறது.

நம்ம ஊருக்குத் திரும்புவோம்

பக்கத்துத் திருப்பதியில் மருத்துவர் ஹரிநாராயண் குழுவினர் செய்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. நகரத்தாருக்கு வைட்டமின் டி குறைவு. பகலெல்லாம் வயலில் நிற்கும் கிராமத்தாருக்கு அவர்களைவிடப் பரவாயில்லை, ஆனாலும் அவர்களிலும் பலருக்குப் போதவில்லை. உணவில் சுண்ணச்சத்து குறைந்திருப்பதும் அதற்குத் துணைபோகிறது. அதே குழு பின்னர் 2013-இல், திருப்பதியில் காலை 11 முதல் பிற்பகல் 2 மணி வரைதான் தோலில் இந்த மாற்றம் நன்றாக நடக்கிறது என்று எழுதியது. இளவெயிலில் நடந்தால் போதும் என்ற நம் நம்பிக்கையை இது கொஞ்சம் ஆட்டிவிடுகிறது. மேலும் வயதாக ஆகத் தோலில் மூலப்பொருளும் குறையும்.

வெயில் கொட்டுகிற திருப்பதியிலேயே இந்த நிலை என்றால், தறிக்குழியில் நாள் முழுவதும் இருக்கும் நம் நெசவாளிகளையும், தார் சுற்றித் தரும் வீட்டுப் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். இடுப்பு வலி, முழங்கால் வலி என்றால், "தறியிலே உட்கார்ந்தா வராம என்ன பண்ணும்" என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்வதே வழக்கம். எல்லா வலிக்கும் வைட்டமின் டி காரணம் என்று நான் சொல்லவில்லை. உட்காரும் முறையும் வேலைப் பளுவும் காரணம்தான். ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால்தானே தெரியும்? அதன் செலவு ஒரு நெசவுக் குடும்பத்துக்கு எளிதில்லை. நம் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் நற்பணிகளில், சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு டாக்டர்களை வைத்து இந்தப் பரிசோதனை முகாம் ஒன்றையும் சேர்க்கலாம். விஸ்கான்சின் பழைய மாணவர்கள் தலைக்கு நூறு டாலர் போட்டார்கள். நாம் நூறு ரூபாய் போட்டுத் தொடங்கினாலும் போதும். மார்ஜரின் வாங்குகிறவனை மறக்காமல் இருந்தால் சரி!

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2019-இல் அத்தி வரதரைத் தரிசிக்க நாடே நம்ம ஊருக்கு வந்தது. அவர் நீருக்குள் துயில்கொள்ளும் அனந்தசரஸ் முதல் நம்ம ஊரில் எத்தனையோ குளங்கள். அவற்றின் பச்சை நீரில் என்னென்ன பாசிகள் இருக்கின்றன, வெயில் காலத்தில் எது மிஞ்சுகிறது, மழைக்குப் பின் எது பெருகுகிறது என்று, உரியவர்களின் அனுமதியோடு ஒரு புட்டி நீர் எடுத்து, நம் ஆய்வுக்கூட உருப்பெருக்கியில் பார்த்து, ஆண்டு முழுவதும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஐயங்கார் 1920-இல் சென்னைக் குட்டைகளில் செய்தது இதைத்தான். பெயர்ப்பட்டியல் கையில் இருந்தால், அதில் எது புற ஊதாவைத் தாங்குகிறது, எதில் எந்த ஸ்டெரால் இருக்கிறது என்று பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த நோட்டில் முதல் பக்கத்தை எழுதப்போகும் மாணவரோ மாணவியோ யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும், அடுத்த சந்திப்பு மலரில் கட்டுரை எழுதும் முறை அவர்களுடையது. நாங்கள் படிக்கக் காத்திருக்கிறோம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!